கூட்டத்தில் ஒரு முகம்: ஜார்ஜ்டவுன் தெருக்களில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும் முறை

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை ஒன்றில், மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரின் லெபோ பாசார் தெருவில், தோளோடு தோள் உரசும் நெரிசலுக்குள் நின்று நான் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தேன். பச்சைப் பட்டுப்பாவாடையும் சிவப்பு ரவிக்கையுமாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமி, கடைவாசலில் தொங்கிய ஊதா, குங்குமச் சிவப்பு, கிளிப்பச்சைச் சேலைகள், முறுக்குத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி இடையில் புகுந்து போன இளைஞர் என்று எல்லாமே கேமராவின் சிறு திரையில் அழகாகத்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தபோது அந்தச் சிறுமியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாவாடை, ரவிக்கை, பின்னால் தொங்கிய சேலை, அம்மாவின் கை ஆகிய யாவும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தன. குழைத்துக் கொட்டிய சிமெண்டு மாதிரி இருந்தது படம்.

கூட்டத்தில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலையை வண்ணப் படத்தில் நிறமே செய்து முடித்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் அந்தப் பாரம் முழுவதும் வெளிச்சத்தின் மீதும் நிழலின் மீதும் வந்து விழுகிறது. எந்த நேரத்தில் போவது, எங்கே நிற்பது, எவ்வளவு ஒளி விடுவது, எப்போது பொத்தானை அழுத்துவது என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்த ஆளை இந்தக் கூட்டத்திலிருந்து எது பிரிக்கிறது?

நிறத்தைச் சாம்பலாகப் பார்க்கப் பழகுதல்

இதற்கு அடுப்படியிலேயே ஒரு பயிற்சி உண்டு. ஒரு வாழையிலையின் மேல் பழுத்த சிவப்பு மிளகாய், பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு பிடி உப்பு ஆகியவற்றைப் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, கைப்பேசியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணைப் பறித்த சிவப்பு மிளகாய் இலைக்குள் பாதி கரைந்துபோகும். மஞ்சள்தூளோ உப்புக்கு அடுத்த வெளிச்சத்தோடு தனித்து நிற்கும். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரெதிரே நின்றாலும், ஒளியின் அளவில் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். தெருவில் நாம் பார்க்கிற சேலை, கடைப்பலகை, பிளாஸ்டிக் கூடை, பூமாலை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். மல்லிகைப்பூ எந்தத் தலையில் இருந்தாலும் முதலில் கண்ணில் படும். சாமந்தி அதற்கு அடுத்தபடி. சிவப்பு ரோஜா கூந்தலோடு சேர்ந்து மறைந்துவிடும்.

டிஜிட்டல் கேமராவில் மோனோக்ரோம் முறையைத் தேர்ந்துகொண்டு, கோப்பை ரா வடிவில் சேமிக்கும்படி அமைத்துவிட்டால், திரையில் சாம்பல் படம் தெரியும். நினைவக அட்டையிலோ முழு வண்ணத் தகவலும் பத்திரமாக இருக்கும். பின்னால் கணினியில் சிவப்பைத் தனியாக ஏற்றவோ பச்சையைத் தனியாக இறக்கவோ இந்தத் தகவல் தேவைப்படும். ஃபிலிமில் எடுப்பவர்கள் இதே வேலையை லென்ஸின் முன்னால் மாட்டும் நிற வடிகட்டியைக் கொண்டு செய்கிறார்கள். மஞ்சள் வடிகட்டி ஏறக்குறைய ஒரு ஸ்டாப் ஒளியை, அதாவது வருகிற ஒளியில் பாதியை, தின்னும். சிவப்பு மூன்று ஸ்டாப் வரை தின்றுவிடும். அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதையின் நிழலுக்குள் நடந்துகொண்டே எடுப்பவருக்குச் சிவப்பு வடிகட்டி கட்டுப்படியாகாது என்பது என் அனுபவம். கருவி எதுவும் கையில் இல்லாதபோது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தெருவைப் பார்க்கலாம். இமைகளுக்கிடையே நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரியும். அப்போதும் ஒருவர் தனியாகத் தெரிகிறார் என்றால் அவர் படத்திலும் தெரிவார்.

பினாங்கின் கடிகாரமும் பினாங்கின் சூரியனும்

காலை, மாலை வெயிலில் எடு என்று எல்லாப் புகைப்பட நூல்களும் சொல்கின்றன. அந்த அறிவுரையை இங்கே கடிகாரத்தைப் பார்த்துப் பின்பற்றினால் ஏமாந்து போவோம். 1982 ஜனவரி முதல் தேதியன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. பினாங்கு அந்த நேரக்கோட்டுக்கு வெகு மேற்கே இருப்பதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை; ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான். நவம்பரில் சற்று முன்னதாகவும் பிப்ரவரியில் ஒன்றரை மணியை ஒட்டியும் வரும். எனவே பதினொரு மணிக்கும் தெருவில் சாய்வெயில் கொஞ்சம் மிச்சமிருக்கும். மாலை ஐந்தரைக்கு மேல் வருகிற வெளிச்சம் ஏழு மணி வரை நமக்கே நமக்கு.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைக்க வேண்டும். ஜார்ஜ்டவுன் வடக்கே ஐந்தரை பாகை அளவில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அந்த நாட்களில் ஒருவருடைய நிழல் அவர் காலடிக்குள்ளேயே சுருண்டுகொள்ளும், கண்குழிகள் கறுத்துப்போகும், நெற்றியும் மூக்கும் மட்டும் வெளுத்திருக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால், ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடும் லெபோ பாசாரில் தெற்குப் பார்த்த கடைகளின் முகப்பில் வெயில் விழும். ஜூனில் எதிர்ச்சாரிக் கடைகளுக்கு அந்தப் பேறு கிடைக்கும். ஒரே தெருவில் ஆண்டு முழுவதும் நடப்பவர்கள் இந்த மாற்றத்தைத் தாமே கண்டுகொள்வார்கள். சுற்றுலாவுக்கு வந்து ஒரே நாளில் எடுத்துப் போகிறவர்களைவிட உள்ளூர்க்காரர்களாகிய நமக்கு இருக்கிற ஒரே அனுகூலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அஞ்சடியின் விளிம்பு

கடைவீடுகளின் முன்னால், மாடியைத் தாங்கும் தூண்களுக்கு உள்ளே ஓடும் ஐந்தடி நடைபாதையை நம்மவர்கள் அஞ்சடி என்பார்கள். கறுப்பு வெள்ளைக்காகவே யாரோ கட்டி வைத்ததைப் போன்ற இடம் அது. வெளியே தார்ச்சாலையில் கண் கூசும் வெயில். உள்ளே கூரையின் இருட்டு. இரண்டுக்கும் இடையே வாள் போல ஒரு கோடு. இந்தக் கோட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் அஞ்சடிக்குள் ஏதாவது ஒரு தூணை ஒட்டி நின்றுகொள்ளுங்கள். எதிரே வெயில் விழும் தரையை அளந்து, அதற்கு மட்டும் சரியாக இருக்கும்படி ஒளியளவை நிறுத்துங்கள்; தானியங்கி முறையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கறுப்புக் குடையும் வெள்ளைச் சட்டையும் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 800-இல் ஒரு பங்கு என்பது எனக்குக் கைவந்த அளவு. இப்படி வைத்தால் நிழலில் நிற்கும் அத்தனை பேரும் கருமைக்குள் போய்விடுவார்கள். வெயில் கீற்றுக்குள் கால் வைக்கும் ஒருவர் மட்டும் ஒளிர்வார். கூட்டம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அந்தக் கீற்றின் அகலம் ஓர் ஆளுக்கு மேல் இடம் தராது. பிறகு செய்ய வேண்டியது காத்திருத்தல் ஒன்றுதான். ஒரே தூணருகே நாற்பது நிமிடம் நின்று ஏழெட்டுப் படங்கள் மட்டும் எடுத்த காலைகள்தான் எனக்குப் பலன் தந்தவை. நடந்துகொண்டே இருந்த நாட்களில் கால் வலித்ததுதான் மிச்சம்.

இதையே திருப்பியும் போடலாம். ஒளியளவை நிழலின் பக்கமாகக் கூட்டினால், அதாவது ஐஎஸ்ஓ 1600, எஃப் 8, 250-இல் ஒரு பங்கு என்ற அளவில் வைத்தால், வெளியே தெரு வெளுத்துப்போய் ஒரு வெள்ளைத் திரையாக மாறும்; அதன் முன்னால் கடந்து போகிறவர்கள் கறுத்த உருவங்களாகத் தெரிவார்கள். இப்படி எடுக்கும்போது ஒரு தலை இன்னொரு தலையோடு ஒட்டிக்கொள்ளாத கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு கறுப்பு உருவங்கள் தொட்டுக்கொண்டால் அவை நான்கு காலும் இரண்டு தலையும் உள்ள ஒரு பிராணியாகிவிடும். மூக்கின் கோடு, குடத்தின் கழுத்து, குடைக்கம்பி, கொண்டையில் வைத்த பூ என்று ஓரத்தில் ஏதாவது ஒரு வடிவம் சுத்தமாக வெட்டித் தெரிந்தால் போதும்.

லென்ஸும் தூரமும்

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையில் இருக்கிற கேமராவும், முடிந்தால் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸும் போதும், கூட்டத்தைத் தொலைநோக்கு லென்ஸால் தூரத்திலிருந்து எடுத்தால் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி, நாம் தவிர்க்க நினைத்த அதே சாம்பல் குழம்புதான் கிடைக்கும். தூரத்தை முன்கூட்டியே நிறுத்தி வைக்கிற பழக்கத்தை மட்டும் அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளதில்) 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, தூரத்தை இரண்டரை மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் 23 மி.மீ. லென்ஸுக்கும் இதே கணக்கு பொருந்தும். முழுச்சட்டத்தில் 35 மி.மீ. என்றால் தெளிவின் எல்லை 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்குள் குறுகிவிடும். கூட்டத்தில் தானியங்கி ஃபோக்கஸ் நமக்கு வேண்டியவரை விட்டுவிட்டு, நடுவில் குறுக்கே போகிறவரின் முதுகைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பழைய முறைதான் இன்றும் நம்பகமானது. இரண்டரை மீட்டர் என்பது மூன்று பெரிய எட்டு. வீட்டுக் கூடத்தில் நாற்காலி ஒன்றைப் போட்டு, கண் மதிப்பால் தூரத்தைச் சொல்லி, பிறகு நாடாவால் அளந்து பார்த்துப் பழகுங்கள்.

குளிரூட்டிய பேரங்காடியிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்ட மாத்திரத்தில் லென்ஸ் பூத்துவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் பூக்கும். பையை மூடியபடியே கால்மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறந்தால் தொல்லை இல்லை.

அசைகிறவரும் நிற்கிறவரும்

ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரிப்பதற்கு வெளிச்சத்தைத் தவிர இன்னொரு வழி அசைவு. 1860களின் தொடக்கத்தில் பினாங்கில் பத்து மாத காலம் தங்கிப் படமெடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன், கண்ணாடித் தகட்டில் ஈர இரசாயனம் பூசி எடுக்கும் முறையைக் கையாண்டவர். அதற்கு நொடிக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. அந்தக் காலத்துத் தெருப்படங்களில் நடமாட்டம் குறைவாகத் தெரிவதற்குத் தெருவில் ஆள் இல்லை என்பது காரணமாகாது. நடந்தவர்கள் தகட்டில் பதியவில்லை, நின்றவர்கள் மட்டும் பதிந்தார்கள். (அவர் தமக்கு உதவியாக அச்சு எடுக்கப் பழக்கியது மதராஸிலிருந்து வந்த இருவரை. பினாங்குப் புகைப்படத் தொழிலில் நம்மவர் கை அப்போதே பட்டிருக்கிறது என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

அன்று குறையாக இருந்ததை இன்று நாம் வேண்டுமென்றே செய்யலாம். 1990களின் தொடக்கத்தில் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், மெட்ரோ நிலைய வாசலில் மொய்த்த கூட்டத்தை அலெக்சி தித்தரென்கோ என்ற புகைப்படக்காரர் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தார். மக்கள் புகையாகக் கலைந்து போக, படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிய கைகள் மட்டும் தெளிவாக நின்றன. எதிர்க்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெரி படகு காலையில் கரையைத் தொட்டு, பயணிகள் மொத்தமாக இறங்கி நடக்கிற இரண்டு மூன்று நிமிடங்கள் இதற்கு வாய்ப்பானவை. கூரையின் கீழ் வெளிச்சம் குறைவாக இருப்பதால் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்று வைத்தாலே ஷட்டர் எட்டில் ஒரு பங்கு நொடிக்கு இறங்கிவிடும்; வெயிலில் எடுப்பதாக இருந்தால் ஐந்து ஸ்டாப் ஒளியைக் குறைக்கும் சாம்பல் வடிகட்டி தேவைப்படும். கேமராவை ஒரு கம்பியின் மேல் அழுத்தி, மூச்சை விட்டு, அசையாமல் பிடிக்க வேண்டும். கூட்டத்தில் அசையாத ஒருவரை முதலில் தேடிப் பிடியுங்கள்: கைப்பேசியைப் பார்த்து நின்றுவிட்டவர், யாருக்காகவோ காத்திருக்கிற பாட்டி, தூணில் சாய்ந்த காவலாளி. அவர் இல்லாமல் எடுத்தால் வெறும் பனிமூட்டம்தான் கிடைக்கும். நான் இப்படி எடுத்த முதல் ஐம்பதும் பனிமூட்டம்தான்.

நம் தோல், நம் ஒளியளவு

கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் காட்டவே முயலும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வெள்ளுடையில் தொழுகைக்குப் போகும் கூட்டத்தை அதன் போக்கில் விட்டு எடுத்தால் வெள்ளை அழுக்காகத் தெரியும். ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கறுத்த தலைமுடியும் மாநிற முகங்களும் சட்டம் நிறைய இருந்தால் கேமரா தேவைக்கு மேல் ஒளியை விட்டுவிடும். அரை அல்லது முக்கால் ஸ்டாப் குறைக்க வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒளியைப் படிப்படியாகப் பிரிக்கும் மண்டல முறையில், முகத்தோலை நடுச்சாம்பலுக்கு ஒரு படி மேலே வைக்க வேண்டும் என்ற வழக்கு உண்டு. அது வெள்ளையர் முகத்தை வைத்துச் சொன்ன கணக்கு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு தமிழ் முகங்களை எடுத்தால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் தட்டையாகிவிடும். முகத்தை மட்டும் புள்ளி அளவியால் அளந்து, மாநிறமானவர்களை நடுச்சாம்பலிலும், கறுத்த நிறத்தவர்களை அதற்கு ஒரு படி கீழேயும் வைப்பது என் வழக்கம். இதில் ஒரு பெரிய இலாபம் இருக்கிறது. கறுத்த தோல் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பித் தருகிறது. வியர்வை பட்ட கன்னமேடும், எண்ணெய் பூசிய நெற்றியும், உழைத்த முழங்கையின் நரம்பும் கருமைக்கு மேலே கோடு கோடாக எழுந்து வரும். அந்த மினுக்கம் கறுப்பு வெள்ளைக்கு வாய்த்த வரம். கணினியில் செம்மஞ்சள் அளவை ஏற்றி முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் நம் கல்யாண ஆல்பங்களிலிருந்து தெருப்படத்துக்கும் தொற்றியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தில் இருப்பவர் பார்த்தால் தன்னைத் தானென்று அடையாளம் காண வேண்டும்.

தைப்பூசம்

பினாங்கில் கூட்டம் என்றால் தைப்பூசம்தான். முதல் நாள் காலை இரதம் நகரத்திலிருந்து முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். நகரத்தார் செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894 முதல் ஓடுகிறது. 2017-இல் தங்க இரதமும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காவடிகளும் பால்குடங்களும் மலைக்கோயிலின் 513 படிகளை நோக்கிப் போகும்.

கறுப்பு வெள்ளைக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மஞ்சள் துணி வெளிர்சாம்பலாகவும், அதை உடுத்தியவரின் தோல் அடர்சாம்பலாகவும் விழுவதால் உருவங்கள் இயல்பாகவே பிரிந்து நிற்கும். ஆனால் எல்லோரும் மஞ்சள் உடுத்தியிருக்கும்போது அந்தப் பிரிவினால் பயனில்லை. மஞ்சளுக்குள் மஞ்சளைத் தேட வேண்டியிருக்கும். சற்று உயரமான இடத்தில் ஏறி நின்று பார்த்தால், வரிசையாக வரும் எவர்சில்வர் பால்குடங்களின் வளைவில் காலை வெயில் பட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். அந்தப் புள்ளிகளின் வரிசையில் எங்கே ஒன்று விலகுகிறது என்று பாருங்கள்: குடத்தை இறக்கித் தோள் மாற்றுகிற ஒரு பெண், தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கக் கை நீட்டும் ஒரு பையன்.

இரதம் வரும் வழியில் குவித்து வைத்து உடைக்கும் தேங்காய்கள் பினாங்குக்குப் பேர்போன காட்சி. உடைப்பவர்களில் சீனர்களும் கணிசமாக இருப்பார்கள். தெறிக்கும் இளநீரைப் படத்தில் காட்ட விரும்பினால் அதன் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வெளிறிய வானத்துக்கு எதிராகத் தண்ணீர் தெரியவே தெரியாது. நிழல் கவிந்த அஞ்சடி ஒன்று பின்னால் வரும்படியும், வெயில் தண்ணீருக்குப் பின்பக்கவாட்டிலிருந்து வரும்படியும் நின்று, 1000-இல் ஒரு பங்கு நொடியில் எடுத்தால், துளிகள் வெள்ளை மணிகளாகக் கறுப்பின் மேல் சிதறி நிற்கும். ஐந்தாறு மீட்டராவது விலகி நில்லுங்கள். சில்லு கல்லைப் போல் பறந்து வரும். ஓர் ஆண்டு ஆர்வக்கோளாறில் முன்வரிசைக்குப் போய், லென்ஸின் முன் மாட்டியிருந்த கண்ணாடியைப் பறிகொடுத்தேன். அந்தக் கண்ணாடி இல்லாதிருந்தால் லென்ஸே போயிருக்கும். உடைத்து முடிந்ததும் கூட்டம் இரதத்தின் பக்கம் திரும்பிவிடும். சில்லுகளை வாரி ஒதுக்குகிறவர்களும், ஈரத்தரையில் தெரியும் கால்களின் நிழலும் அப்போதுதான் படத்துக்கு வருவார்கள். பெரும்பாலானோர் அதற்குள் கேமராவை மூடியிருப்பார்கள்.

எடுக்கக்கூடாதவற்றை நானே எனக்கு வரையறுத்துக்கொண்டிருக்கிறேன். தலை முழுகி ஈரத்துணியோடு வரும் பெண்களை எடுப்பதில்லை. அருள் வந்து தன்னிலை மறந்தவரின் முகத்துக்கு அருகில் லென்ஸை நீட்டுவதில்லை. அலகு குத்தும் இடத்தில் குடும்பத்தார் அனுமதித்தால் மட்டும், அதுவும் ஓரமாக நின்று. பிளாஷ் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இரவு வேளைகளில் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 125-இல் ஒரு பங்கு என்பது கடை வெளிச்சத்துக்கும் பந்தல் வெளிச்சத்துக்கும் போதுமானது. கோயில் எல்லைக்குள் போவதாக இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். கேமரா வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது.

கேட்பதும் கேட்காமல் எடுப்பதும்

கூட்டம் முழுவதையும் எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க இயலாது. பொது இடத்தில் படமெடுப்பதை நம் நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடுப்பதுமில்லை. 1959-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட பகுதிகள், இடங்கள் சட்டத்தின் கீழ் வரும் கட்டடங்களும் முகாம்களும் மட்டும் வேறு. ‘கவாசான் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட பகுதி) என்று சிவப்பில் எழுதிய பலகையைக் கண்டால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

ஆனால் ஒருவரின் முகம் படத்தின் மையமாகும்போது விஷயம் வேறு. சௌராஸ்தா சந்தைக்குப் பக்கத்தில், காலை நேரத் தெருச்சந்தையில் பூக்கட்டும் ஓர் அம்மாள் இருந்தார். கூட்டம் அவரைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்க, அவர் கை மட்டும் ஒரே இடத்தில் ஓடியது. நான் கேமராவை இறக்கிக்கொண்டு அருகில் போனேன்.

“என்ன தம்பி, பேப்பர்ல போடவா?”

“இல்லக்கா, நானே வச்சிக்கத்தான். பூ கட்டுற கைய மட்டும் எடுக்கட்டுமா?”

“கைதானே, எடுத்துக்க லா. மூஞ்சி வேணாம், இன்னும் தலை வாரல.”

அந்தப் படத்தில் முகம் இல்லை. கறுத்த விரல்கள், வெள்ளை மல்லிகை, வாழைநார், பின்னால் புகையாக ஓடும் கால்கள் ஆகியவைதான் இருக்கின்றன. முகத்தை எடுக்கச் சம்மதித்திருந்தால் இதைவிடச் சாதாரணமான படத்தைத்தான் எடுத்திருப்பேன் என்று தோன்றுகிறது. யாராவது கையை ஆட்டி வேண்டாம் என்றால் எடுத்ததையும் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்; அந்தத் தெருவுக்கு நாம் மறுபடியும் போக வேண்டும்.

தேர்வும் மாற்றமும்

ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல். ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் இரசாயனங்களான டெவலப்பர்களில் பெரும்பாலானவற்றின் நேரக்கணக்கு 20 பாகை வெப்பத்துக்குச் சொல்லப்பட்டது. நம் குழாய்த்தண்ணீரோ 28 பாகைக்கு மேல் இருக்கும்; அப்படியே ஊற்றினால் படம் கரகரவென்று மாறுபாடு கூடி, அங்கங்கே திட்டுத் திட்டாக வரும். கோப்பிக்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி, வாளியில் கொட்டி, அதற்குள் போத்தல்களை நிறுத்தி வைத்தால் போதும்.

டிஜிட்டலில் எடுத்தவர்கள் படங்களை முதலில் கட்டைவிரல் நக அளவில் பாருங்கள். அந்த அளவில் ஒருவர் தனியாகத் தெரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்ப்பதில் பயனில்லை. தெரிகிறவற்றில் முதலில் மொத்த வெளிச்சத்தைச் சரிசெய்து, பிறகு நிறங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கி, கடைசியில் சட்டத்தின் ஓரங்களைக் கால் ஸ்டாப் கறுக்கவிட்டு, வேண்டிய முகத்தை அரை ஸ்டாப்புக்கு மேல் போகாமல் தூக்குங்கள். வெள்ளை வேட்டியில் மடிப்புத் தெரிகிறதா, கறுத்த கூந்தலில் இழை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டால், காகிதத்தில் அச்சிடும்போது ஏமாற்றம் இருக்காது.

முதலில் சொன்ன சிறுமியின் படத்தை நான் இந்த முறையில் மீட்டுவிடப் பார்த்தேன். பச்சையை ஏற்றியதும் பாவாடை வெளுத்தது. சிவப்பை இறக்கியதும் ரவிக்கை கறுத்தது. ஆனால் தோலிலும் சிவப்பு கலந்திருப்பதால் அவள் முகமும், அம்மாவின் கையும் ரவிக்கையோடு சேர்ந்தே கறுத்துப்போயின. சிவப்பைத் திரும்ப ஏற்றினால் பின்னால் தொங்கிய குங்குமச் சேலை முன்னுக்கு வந்து நின்றது. அந்தக் கோப்பை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு அதே கடையிலிருந்து பத்து எட்டு தள்ளி, குழல்விளக்கின் ஒளி அஞ்சடிக்கு வெளியே கொட்டுகிற ஒரு பாத்திரக் கடையின் முன்னால், ஏழரை மணியிலிருந்து எட்டேகால் வரை நின்றேன். கூட்டம் இருட்டில் போய்க்கொண்டே இருந்தது; அந்த ஒளிக்குள் வந்து எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்து, தட்டிப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்ட ஒரு தாத்தாவின் படம் கிடைத்தது.